ஒறிஜினல் பைத்தியம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜேர்மன்காரரோடு கொழுவிவிட்டு வந்தேன். கொழுவல் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, இரண்டு பேரும் சத்தம் போடவில்லை. ஆனால் அன்று இரவு வேலையில் வெங்காயம் வெட்டும்போதும் அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கோபம் வந்தால் எனக்கு ஜேர்மன் பாஷை பாதியில் நின்றுவிடும். அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை உங்களுக்கு என்றாலும் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

விசயம் ஒரு தகரத் துண்டு.

இங்கே கொலோனில் ரைன் கரையில், வெயில் எறிக்கிற ஞாயிறுகளில், பழைய வாகனம் வைத்திருக்கிற கொஞ்சப் பேர் கூடுவார்கள். என்னுடையதையும் கொண்டுபோய் ஒரு ஓரத்தில் நிறுத்துவேன். 1951 ஆம் ஆண்டு டி.கே.டபிள்யூ. ஆர்.ரி. 125, மோட்டச்சைக்கிள். எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து முழங்காலில் இருந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு நட்டாகப் பார்த்தார். தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை. பிறகு ஹாண்டிலுக்குக் கீழே விரலை நீட்டினார்.

"இது என்ன?"

"போத்தல் வைக்கிற தட்டு."

"1951 இல் இப்படி ஒன்று இருக்கவில்லையே."

"1991 இல் இருந்தது."

"எங்கே?"

"யாழ்ப்பாணத்தில்."

அவர் எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டார். "அப்ப இது ஒறிஜினல் இல்லை. கழற்றிவிடு. நல்ல வண்டி ஒன்றை வீணாக்கி வைத்திருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் கூடச் சுட்டது.

இனி முதலிலிருந்து வருகிறேன். இந்த மோட்டச்சைக்கிளைப் பற்றி இரண்டு பக்கத்தாலும் எனக்கு அடி. ஒரு பக்கம் உந்த ஒறிஜினல்காரர். மற்றப் பக்கம் எங்கடை சனம்.

எங்கடை சனத்தின் கேள்வி சுகமானது: "உனக்கேன் உந்தப் பழைய இரும்பு?" கோயிலில், கலியாணத்தில், பிறந்தநாள் விழாவில், எங்கே கண்டாலும் இதுதான். தவணைக்கு எடுத்த பெரிய காரை வாசலில் நிறுத்திவிட்டு வந்து கேட்கிறவர்களும் உண்டு. அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். நாங்கள் எல்லோரும் கையில் ஒரு பையோடு வந்து இறங்கியவர்கள். புதுச் சாமான் வாங்குவது என்பது எங்களுக்கு ஒரு விதமான அத்தாட்சி, நாங்களும் நிமிர்ந்துவிட்டோம் என்று ஊருக்குக் காட்டுகிற கடதாசி. அதில் போய் ஒருவன் துருப்பிடித்ததை வாங்கினால் கோபம் வரத்தானே செய்யும்? மனைவிக்கும் வந்தது. "இஞ்சேருங்கோ, உதுக்கோ 800 யூரோ குடுத்தனீங்கள்? குடுத்தவன் இப்ப சிரிச்சுக்கொண்டு இருப்பான்" என்றாள். நாலு பழப்பெட்டிக்குள் கிடந்தது முழு மோட்டச்சைக்கிளும். 2016 ஆம் ஆண்டு. அந்த நேரம் நான் ஒரு சமையலறையில் கோப்பை கழுவுகிற இடத்திலிருந்து மரக்கறி வெட்டுகிற இடத்துக்கு உயர்ந்திருந்தேன் (சிரிக்காதையுங்கோ, அதுவும் பதவி உயர்வுதான்).

ஏன் வாங்கினேன் என்றால், அந்தப் பெட்டிகளைப் பார்த்த உடனே அதை எனக்குத் தெரிந்திருந்தது. எஞ்சினின் முட்டை வடிவம், பெற்றோல் தாங்கியின் துளி வடிவம், எல்லாம் அப்பாவின் பி.எஸ்.ஏ. பன்ரம். ஆனால் ஏதோ ஒன்று இடறியது. பெட்டியிலிருந்து எஞ்சினைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. கியரும் கிக்கரும் இடது பக்கம். அப்பாவுடையதில் அது வலது பக்கம். கண்ணாடிக்குள் பார்க்கிற முகம் மாதிரி, அதே ஆள், பக்கம் மட்டும் மாறி.

அன்றிரவு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். அப்பா உடனே எடுத்தார். "தம்பி, உது எங்கடை பன்ரம் எல்லோ? ஆனால் ஆரோ பிழையாப் பூட்டிப்போட்டாங்கள்."

பிழையாகப் பூட்டியவர்கள் ஜேர்மன்காரர் இல்லை, இங்கிலாந்துக்காரர்தான் மாற்றிப் பூட்டினார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் படித்து அறிந்தேன். அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னுடைய முழு வாதமும் அதில்தான் இருக்கிறது.

டி.கே.டபிள்யூ. தொழிற்சாலை சக்சனி மாநிலத்தில் ச்சோப்பாவ் என்ற சின்ன ஊரில் இருந்தது. தொடங்கியவர் டென்மார்க்கிலிருந்து வந்த ராஸ்முசன் என்பவர். 1920களின் கடைசியில் உலகத்திலேயே ஆகக் கூடுதலாக மோட்டச்சைக்கிள் செய்தது அதுதான். ஆர்.ரி. 125 அங்கே 1939 இல் பிறந்தது. வடிவமைத்தவர் ஹேர்மன் வேபர் என்ற பொறியியலாளர். அதன் எஞ்சினுக்குள் புதுக்காற்று வளைந்து போய்ப் பழைய புகையைத் தள்ளுகிற ஒழுங்கு ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த ஷ்னூர்லே 1920களில் வேலை செய்தது வேறெங்கும் இல்லை, இந்தக் கொலோனில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டொய்ட்ஸ் எஞ்சின் தொழிற்சாலையில். நிக்கொலாஸ் ஓட்டோ 1876 இல் நாலடி எஞ்சினைச் செய்து முடித்ததும் அதே டொய்ட்ஸ் தொழிற்சாலையில்தான். நான் வேலைக்கு ரயில் மாறுகிற இடம். டொய்ட்ஸ் ஸ்ரேஷன் வாசலில் ஓட்டோ காலத்து எஞ்சின் ஒன்றை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்துதான் பெடியள் கெபாப் சாப்பிடுவார்கள்.

போர் முடிந்தது. ச்சோப்பாவ் சோவியத் பக்கம் போனது. இயந்திரங்களைக் கழற்றி இழப்பீடாக ரஷ்யாவுக்கு ஏற்றினார்கள். வேபரையும் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை, 1948 இல் அங்கேயே செத்துப்போனார். அவருடைய வரைபடமோ நாலு திசைக்கும் போனது. ரஷ்யாவில் ஒரு பேரில் ஓடியது. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் அதைப் பார்த்து 125 ஒன்று செய்தது. இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ., பிரித்தானியக் கால் பழக்கத்துக்கு ஏற்ப இடம் வலமாக மாற்றி, 1948 இல் பன்ரம் என்று விட்டது. 1955 இல் யமஹா முதன்முதலாகச் செய்த மோட்டச்சைக்கிளும் இதன் வழியில் வந்ததுதான். சொந்தக் கம்பனியின் ஆட்களோ ஊரை விட்டு மேற்கே ஓடிவந்து, இங்கோல்ஸ்ரட் நகரில் 1949 இல் வெறுங்கையோடு திரும்பத் தொடங்கினார்கள். அங்கே செய்ததற்கு ஆர்.ரி. 125 டபிள்யூ என்று பேர். அந்த டபிள்யூ 'மேற்கு' என்பதற்கு. இன்றைய அவுடி கம்பனி அந்த வழியில் வந்தது.

என்னுடையது இங்கோல்ஸ்ரட் வண்டி. அதாவது, ஊர் விட்டு ஓடிவந்தவர்கள், பறிபோன ஊரில் வரைந்த படத்தை வைத்து, வேறு ஊரில் செய்த வண்டி. இதில் எது ஒறிஜினல் என்று அந்த ஐயா எனக்குச் சொல்லட்டும் பார்ப்போம்.

சரி, போத்தல் தட்டுக்கு வருகிறேன்.

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். 1974 இல் பன்ரத்தைப் பழசாக வாங்கினார். தாங்கியில் ஒரு சேவல் படம் இருந்தபடியால் ஊரில் அதற்குச் 'சேவல்' என்றுதான் பேர். 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்க, பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை. இருந்தாலும் யானை விலை. இந்தக் கதை உங்களில் பலருக்கு என்னை விட வடிவாகத் தெரியும். எங்களுடைய சண்டிலிப்பாய் பக்கம் வேப்பமரத்துக்குக் கீழே கராஜ் வைத்திருந்த மெக்கானிக் அண்ணை ஒருவர் என்ன செய்தார் என்றால், ஹாண்டிலுக்குக் கீழே ஒரு தகரத் தட்டு, அதில் கவிழ்த்து வைத்த ஒரு மருந்துப் போத்தல், அதிலிருந்து சேலைன் ஏற்றுகிற குழாய், குழாயின் மற்ற முனை காபறேற்றருக்கு. போத்தலில் ஒரு சொட்டுப் பெற்றோல். பெரிய தாங்கி முழுக்க மண்ணெண்ணெய். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சுடும்வரை இரண்டு மூன்று நிமிடம் விட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னம் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றி, காபறேற்றருக்குள் கிடக்கிற மண்ணெண்ணெயை எரித்து முடிக்க வேண்டும். மறந்துபோனால் அடுத்த நாள் தள்ளித் தள்ளி நெஞ்சு நொந்துவிடும்.

அது மட்டுமில்லை. சிலிண்டர் தலைக்குக் கீழே செப்புத் தகட்டை வெட்டி இரண்டாவது கஸ்கெற் ஒன்றும் வைத்தார். அமுக்கம் குறைந்தால்தான் மண்ணெண்ணெய் உள்ளே இடிக்காமல் எரியும். எட்டாம் வகுப்போடு நின்ற மனிசன். நான் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதீகம் படிக்கப் போனேன். மூன்றாம் வருடத்தில், 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டினதோடு அந்தப் படிப்பும் நின்றது. படித்த அந்த மூன்று வருடத்திலும் அமுக்க விகிதத்தை அவர் மாதிரி எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. இங்கே வந்து கனகாலத்துக்குப் பிறகு பழைய பிரித்தானிய உழவு இயந்திரங்களைப் பற்றி வாசித்தேன். அவைக்கும் இதே ஒழுங்கு: பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய் மாதிரியான எண்ணெய்க்கு மாற்றுவது. அதற்கென்று புத்தகம் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். எங்கடை ஆளிடம் புத்தகம் இல்லை. சேலைன் குழாய்தான் இருந்தது.

அந்த மூன்று நாலு வருடத்தில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்மார் செய்ததை யாராவது ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார்களா? போராட்டத்தைப் பற்றி எழுதினோம், அரசியலை எழுதினோம், இயக்கத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் எழுதிக் குவித்தோம். ஒரு குடாநாட்டுச் சனத்தை மண்ணெண்ணெயில் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த மனிசரின் கை வேலையை எழுதவில்லை. அவர்களில் பலர் இப்போது இல்லை. அந்த வேப்பமரத்து அண்ணையும் இல்லை.

ஆகவேதான் என் வண்டியில் அந்தத் தட்டை வைத்தேன். நினைவிலிருந்து வெட்டி, வளைத்து, இரண்டு ஸ்குரூவால் பூட்டினேன். முதலில் போத்தலும் குழாயும் கூட வைத்திருந்தேன். வாகனப் பரிசோதனைக்குப் போனபோது பரிசோதகர் அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "தட்டு இருக்கலாம், பெற்றோல் போத்தல் இருக்கக் கூடாது" என்றார். நியாயம்தான். கண்ணாடிப் போத்தலில் பெற்றோலைத் தொங்கவிட்டுக்கொண்டு நகரத்துக்குள் ஓடுவது விசர் வேலை. தடை போட்டவன் இல்லாத ஊரில் அதற்கு அவசியமும் இல்லை. போத்தலைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தேன். தட்டு அப்படியே இருக்கிறது, இருக்கும்.

இந்த ஒறிஜினல் விசயத்தில் ஜேர்மன் சட்டம் கூட அந்த ஐயாவை விட இளகியது என்பதுதான் பகிடி. முப்பது வருடம் தாண்டிய, நல்ல நிலையில் இருக்கிற வாகனத்துக்கு 1997 இலிருந்து 'எச்' எழுத்துப் போட்ட இலக்கத் தகடு கொடுக்கிறார்கள். கார் என்றால் வருட வரி 191 யூரோ 73 சதம், மோட்டச்சைக்கிள் என்றால் 46 யூரோ 2 சதம். என்னுடையது 125 என்றபடியால் வரியே இல்லை, அந்த எழுத்தும் எனக்குத் தேவையில்லை. ஆனால் அந்தத் தகட்டுக்கான விதியில்கூட, அந்தக் காலத்திலேயே செய்த மாற்றங்களை ஏற்றுக்கொள்கிறார்கள். 'அந்தக் காலம்' என்பது ஏறக்குறைய வாகனம் வந்து முதல் பத்து வருடம். நாற்பது வருடம் கழித்து ஒரு சனம் உயிர் தப்பச் செய்த மாற்றம் கணக்கில் வராது. சட்டத்தில் அதற்கு இடம் வேண்டும் என்று கேட்கவில்லை. ரைன் கரையில் முழங்காலில் இருந்து பார்க்கிற மனிசருக்கு அதற்கு ஒரு நிமிடம் இருந்தால் போதும்.

பழைய வாகனத்தைப் புத்தம் புதிதாக்கி, கண்ணாடிக்குள் பூட்டி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பூட்ஸ்வைலர்ஹோஃப் பழைய விமான நிலையத்தில் 2018 இல் மோட்டோர்வேர்ல்ட் என்று ஒன்று திறந்தார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கார்கள் மீன் மாதிரி நிற்கும். மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். வடிவுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன், வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். ஆனால் மகள் கேட்டாள், "அப்பா, இதை ஒருத்தரும் ஓடுறேல்லையா?" என்று. யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகிற ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களில் சிலதுக்கு உள்ளே ஜப்பான் எஞ்சின் இருக்கும். தூய்மைக்காரர் பார்த்தால் மயங்கி விழுவார்கள். நான் அந்தக் கார்களின் பக்கம்.

என்னுடையதைத் திருத்தி முடிக்க நாலரை வருடம் எடுத்தது. பக்கத்து வீட்டுத் துருக்கி ஐயா ஒருவர் இல்லாவிட்டால் முடிந்திராது. நீல் பகுதியில் இருக்கிற ஃபோர்ட் தொழிற்சாலையில் 31 வருடம் வேலை செய்து ஓய்வெடுத்தவர். தன் தோட்டக் கொட்டிலைத் தந்தார். சம்பளமாக வெள்ளிக்கிழமைகளில் ரொட்டியும் கத்தரிக்காய்ப் பொரித்த கறியும் கேட்டார். அவருக்கும் எனக்கும் இடையில் ஓடியது அரைகுறை ஜேர்மன், மிச்சம் கையால். 2020 கார்த்திகையில் கொரோனாவுக்காக ரெஸ்ரோறன்ற் எல்லாவற்றையும் திரும்பவும் பூட்டினார்கள். சம்பளத்தில் ஒரு பங்குதான் வந்தது, வீட்டில் காசுக் கணக்கு ஒவ்வொரு இரவும் சண்டையில் முடிந்தது. ஆனால் நேரம் கிடைத்தது. அந்த மாரியில்தான் சக்கரக் கம்பி கட்டினேன், வயர் ஓட்டினேன், தாங்கிக்குள் கறள் எடுத்தேன். 3400 யூரோ வரை கணக்கு எழுதினேன். அதற்குப் பிறகு கொப்பியை ஒளித்துவிட்டேன்.

லைசென்ஸ் விசயத்திலும் அதிர்ஷ்டம். 2019 கடைசியில் விதி மாறி, ஐந்து வருடம் கார் லைசென்ஸ் வைத்திருக்கிற 25 வயது தாண்டியவர்கள், பரீட்சை இல்லாமல் ஒன்பது பாடம் எடுத்தாலே 125 ஓடலாம் என்று வந்தது. ஜேர்மனிக்குள் மட்டும். முழு ஜேர்மனியும்! அகதி முகாமில் இருந்த முதல் வருடங்களில் மாவட்ட எல்லை தாண்ட எனக்கு அனுமதிக் கடிதம் வேண்டியிருந்தது. முதல் நாள் வண்டியில் அந்த எல்லைப் பலகையைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, திரும்பவும் தாண்டினேன். ஒருவரும் பார்க்கவில்லை, மாடுகள்தான் பார்த்தன.

பன்ரம் என்ன ஆனது என்று கேட்பீர்கள்.

1995 ஐப்பசி 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பியது. எனக்குப் பன்னிரண்டு வயது. போத்தலில் பெற்றோல் இல்லை, அப்பா பன்ரத்தை வெறுமனே தள்ளினார். பின் சீற்றில் அரிசிச் சாக்கு, அதற்கு மேலே அப்பாச்சியின் பெட்டி. அம்மா சைக்கிள். மழை. நாவற்குழிப் பாலம் வரை சனம் நகரவே இல்லை. அரியாலையைத் தாண்டிய பிறகு அப்பாச்சி இனி ஏலாது என்று றோட்டில் இருந்துவிட்டா. சைக்கிளில் அவவை ஏற்ற வேண்டும், சைக்கிளைப் பிடிக்க அப்பா வேண்டும். அப்பா பன்ரத்தை ஒரு மதிலோடு சாத்தினார். குனிந்து பிளக்கைக் கழற்றித் துடைத்துச் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டார். "பிளக் இல்லாட்டி ஒருத்தரும் கொண்டுபோக ஏலாது, வந்து எடுப்பம்" என்றார். 1996 சித்திரையில் திரும்பி வந்தோம். மதில் நின்றது.

அதைப் பற்றி அவர் பிறகு கதைத்ததே இல்லை. 2022 இல் மட்டும், அங்கே பெற்றோல் கியூவில் நின்று, மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று கைபேசியில் காட்டி வாங்கிய நாட்களில், "சேவல் நிண்டிருந்தால் நான் ஏன் உந்த வரிசையிலை நிக்கிறன், மண்ணெண்ணெயை ஊத்திப்போட்டுப் போயிருப்பன்" என்றார். மண்ணெண்ணெய்க்கும் அப்போது வரிசைதான், அது வேறு கதை.

போன வருடம் ஊருக்குப் போய் வந்த மச்சாள் ஒரு மிளகாய்த்தூள் பார்சல் தந்தா. நடுவில் பொலித்தீனில் சுற்றி ஒரு பிளக். அப்பா ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. இருபத்தொன்பது வருடம் எங்கே வைத்திருந்தார் என்று அம்மாவுக்குக் கூடத் தெரியாதாம்.

14 மில்லிமீற்றர் புரி. கண்ணாடிக்குள் இடம் வலம் மாறினாலும் பிளக் புரி மாறவில்லை. பித்தளைத் தூரிகையால் கரியை எடுத்து, இடைவெளி சரிபார்த்து, கையாலேயே திருகினேன். கடைசிச் சுற்று வரை இறுகாமல் போனது. தோட்டத்தில் கைபேசியைச் சட்டியில் சாத்தி வைத்து, அப்பாவைப் பார்க்கச் சொல்லிவிட்டு உதைத்தேன். ஆறாவது உதைக்குப் பிடித்தது. நீலப் புகை. துருக்கி ஐயா கை தட்டினார். கூடுதலாகத் திருகினால் விட்டு விட்டு அடித்தது, ஓட்டத்துக்குச் சரிவராது, பிறகு புதுப் பிளக்கைத்தான் போட்டேன். ஆனால் சும்மா நிற்கும்போது வடிவாக நின்று ஓடியது.

அப்பா காதைக் கைபேசியோடு ஒட்டி வைத்திருந்தபடியால் எனக்கு அவருடைய காது மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு சொன்னார்:

"போதும் தம்பி, நிப்பாட்டு. அங்கை இப்ப விடியப்புறம் எல்லோ, பக்கத்து வீட்டுக்காரர் நித்திரையாய் இருப்பினம்."